2005 சான்ட்ரோ ஜிங் ஏற்காடு ஏறும்போது நின்னு போகுது, ப்யூல் பம்ப் மாத்தணும்ங்கறாங்க, டேங்க் இறக்கணுமா?

சேலத்துக்காரன்

எல்லாருக்கும் வணக்கங்க. அப்பா ரிடையர்டு ஆனப்போ வந்த காசுல வாங்கின வண்டி, 2005 சான்ட்ரோ ஜிங், 1,12,000 கிலோமீட்டர் ஓடியிருக்கு. 2020ல ஒரு தடவை ஆர்சி ரினிவல் பண்ணி மறுபடியும் அஞ்சு வருஷம் முடிஞ்சு இப்ப ரெண்டாவது தடவையும் எஃப்சி காட்டி வாங்கியாச்சு, அதனால இத வித்துட்டு வேற வாங்குங்கன்னு மட்டும் யாரும் சொல்லாதீங்க, அப்பா இருக்கற வரைக்கும் இந்த வண்டி வீட்டுல இருக்கணும்.

பிரச்சனை என்னன்னா ஒரு ரெண்டு மாசமாவே காலைல ஸ்டார்ட் ஆக நேரம் எடுக்குது. முன்னாடி செல்ஃப் தொட்டவுடனே புடிக்கும், இப்ப நாலஞ்சு செகண்ட் சுத்தினாதான் புடிக்குது. சரி பேட்டரின்னு நெனச்சு பேட்டரி மாத்தினேன், கொஞ்சம் பரவால்ல ஆனா போகல. போன ஞாயித்துக்கிழமை அப்பா அம்மாவ கூட்டிட்டு ஏற்காடு கெளம்பினேன், அடிவாரம் தாண்டி ஏழெட்டு வளைவு வரைக்கும் ஒழுங்கா போச்சு, அதுக்கப்பறம் ஆக்சிலேட்டர் மிதிச்சா இழுக்கல, வண்டி மூச்சு முட்டற மாதிரி முக்கி முக்கி போயி 12வது கொண்டை ஊசி வளைவுல அப்படியே நின்னு போச்சு. பின்னாடி பஸ்ஸு, அம்மா பயந்து அழுதுட்டாங்க. கல்லு வெச்சு நிறுத்திட்டு ஒரு அரை மணி நேரம் கழிச்சு சாவி போட்டா ஒண்ணுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகுது. அப்படியே திருப்பி இறக்கிட்டு வந்துட்டேன். பின் சீட்டுக்கு கீழ இருந்து ஒரு "ங்ங்ங்"னு சத்தம் இப்ப நல்லாவே கேக்குது, முன்ன இப்படி கேட்டதா ஞாபகம் இல்ல.

இங்க ஒரு மெக்கானிக்கிட்ட காமிச்சேன், எதுவும் செக் பண்ணாமயே பெட்ரோல் மோட்டார் போயிடுச்சு, டேங்க இறக்கணும், எல்லாம் சேத்து 9,000 ஆகும்னாரு. எனக்கு பிரேக் பேட், பிளக், ஃபில்டர் எல்லாம் நானே மாத்திப் பழக்கம், மல்டி மீட்டரும் இருக்கு. நெசமாவே பம்ப்தானா, நானே மாத்தலாமா, டேங்க் இறக்காம முடியுமா? இன்னொன்னு, ரொம்ப நாளா மனசுல இருக்கற சந்தேகம், பெட்ரோலுக்குள்ளயே கரண்ட் மோட்டார் ஓடுதே, அது எப்படி பத்திக்காம இருக்கு?

பழைய வண்டி மெக்கானிக், மதுரை

தம்பி, மொதல்ல டேங்க் விஷயம். உங்க வண்டிக்கு டேங்க இறக்க வேண்டியதில்ல. பின் சீட்டு உக்கார்ற பாகத்த தூக்கிட்டு கார்ப்பெட்ட ஒதுக்கினீங்கன்னா தரையில ஒரு தகடு மூடி இருக்கும், அத கழட்டினா பம்ப் தலை அங்கனயே தெரியும். டேங்க் இறக்கித்தான் ஆகணும்ங்கற வண்டிகளும் உண்டு, அதோட கணக்க இதுக்கும் சேத்து சொல்லிருக்காரு போல.

ஆனா அதுக்காக நாளைக்கே போயி பம்ப் வாங்கிறாதீங்க. முப்பது வருஷமா இந்த வேலை பாக்குறேன், பம்ப் போச்சுன்னு எங்கிட்ட வர்ற வண்டியில பல வண்டிக்கு பம்ப்ல குத்தமே இருக்காது, இல்லன்னா பம்ப் போனதுக்கு காரணம் வேற எங்கயாச்சும் உக்காந்துருக்கும். அத பாக்காம புதுசு போட்டா புதுசும் போயிரும்.

சாவிய ஆன்ல மட்டும் வெச்சு, செல்ஃப் அடிக்காம, பின் சீட்டுல காத வெச்சு கேளுங்க. ரெண்டு செகண்டு மாதிரி உய்ய்ன்னு ஓடி நிக்கும், அதான் வண்டியோட கம்ப்யூட்டரு பெட்ரோல் லைன்ல பிரஷர் ஏத்துறது. அந்த சத்தமே வரலன்னா மொதல்ல ஃப்யூஸ், அப்பறம் பம்ப்புக்கு கரண்டு விடுற சுவிட்சு மாதிரியான ரிலே, அதே மாதிரி ரிலே வேற எடத்துல இருந்தா மாத்திப் போட்டுப் பாருங்க. சத்தம் வருதுன்னா கரண்டு போகுதுன்னு அர்த்தம், ஆனா முழு கரண்டு போகுதான்னு தெரியாது. உங்களுக்கு காலைல லேட்டா புடிக்கிறதுக்கு ஒரு சின்ன சோதனை சொல்றேன், சாவிய ஆன் பண்ணி ரெண்டு செகண்டு, ஆஃப், மறுபடி ஆன், இப்படி மூணு தடவை பண்ணிட்டு அப்பறமா செல்ஃப் அடிங்க. ஒடனே புடிச்சுச்சுன்னா ராத்திரி முழுக்க லைன்ல பிரஷர் நிக்காம எறங்கிப் போகுதுன்னு அர்த்தம், பெட்ரோல் திரும்பி எறங்காம தடுக்குற, பம்ப்புக்குள்ள இருக்குற ஒன்வே வால்வு தேஞ்சுருக்கும், இல்லன்னா இன்ஜினுக்கு பெட்ரோல் பீச்சுற இன்ஜெக்டர் ஒழுகும்.

பத்திக்காம இருக்குற விஷயம் நல்ல கேள்வி. பெட்ரோல் ஆவி காத்துல கிட்டத்தட்ட ஒன்றரை சதவீதத்துலருந்து ஏழரை சதவீதம் வரைக்கும் கலந்தாத்தான் தீ புடிக்கும். மூடுன டேங்க்குக்குள்ள ஆவி அத விட ரொம்ப கெட்டியா நிக்கும், மோட்டாருக்குள்ளயோ காத்தே கெடையாது, சுத்துற மோட்டாருக்கு கரண்டு கடத்துற கார்பன் பிரஷ்ஷ சுத்தி பெட்ரோல்தான் ஓடுது. மோட்டாருக்கு எண்ணெயும் அதான், அத குளிர வைக்கிறதும் அதான். அதனாலதான் எப்பப் பாத்தாலும் ரிசர்வ் லைட்டுலயே ஓட்டுற வண்டிக்கு மோட்டார் சீக்கிரம் சாகும், சூடான மோட்டார குளிர வைக்க ஆளில்ல. உங்கப்பா எவ்வளவு பெட்ரோல் போட்டு ஓட்டுவாரு தம்பி? ஆனா ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கங்க, நீங்க டேங்க் வாய தொறந்த நிமிஷத்துலருந்து அந்தக் கெட்டியான ஆவியில காத்து கலக்க ஆரம்பிச்சுரும், அப்ப அது பத்திக்கிற அளவுக்கு வந்துரும். ஆபத்து வண்டி ஓடும்போது இல்ல, நம்ம தொறக்கும்போதுதான்.

சேலத்துக்காரன்

ரொம்ப நன்றிங்கண்ணா. அப்பா எப்பவுமே 500 ரூபாய்க்குதான் போடுவாரு, இப்ப விக்கற வெலைக்கு அது அஞ்சு லிட்டரு கூட வராது, 35 லிட்டர் டேங்க் பாதிக்கு மேல நெறஞ்சு நான் பாத்ததே இல்ல. ஏற்காடு போன அன்னைக்கும் ரிசர்வ் லைட் விட்டு விட்டு எரிஞ்சுட்டுதான் இருந்துச்சு. நீங்க சொன்ன மாதிரி மூணு தடவை ஆன் ஆஃப் பண்ணிட்டு அடிச்சேன், தொட்டவுடனே புடிச்சுச்சு!!

ஈரோடு ஆக்சென்ட்

சகோதரா, நான் இத எழுதறதே நீங்க என்ன மாதிரி ரெண்டு தடவை காசு செலவு பண்ணக்கூடாதுன்னுதான். எங்களுது 2004 ஆக்சென்ட், இதே மாதிரிதான் வெயில்ல பத்து கிலோமீட்டர் ஓடினா இழுக்காம போகும், ஏசி போட்டா இன்னும் மோசம், ராத்திரியில ஒழுங்கா ஓடும். ஒர்க்ஷாப்ல விட்டோம், பம்ப் மாத்தினாங்க, ஒரு மாசம் நல்லா ஓடுச்சு, மறுபடியும் ஆரம்பிச்சுது. பம்ப் டூப்ளிகேட்டா இருக்கும்னு சொல்லி இன்னொன்னு போட்டாங்க, அதுவும் ஆறு மாசம்தான். பள்ளிக்கூடத்துக்கு புள்ளைங்கள கூட்டிட்டு போற வண்டிங்க, நடுரோட்டுல நிக்கறப்ப வர்ற கோவமும் பயமும் சொல்லி மாளாது.

கடைசில எங்க வீட்டு பக்கத்துல ஆட்டோ எலக்ட்ரீசியன் ஒருத்தரு, வயசானவரு, மீட்டர எடுத்து பம்ப் கப்ளர்ல, அதான் ஒயர் சொருகற எடத்துல, வெச்சுப் பாத்தாரு. பேட்டரில 13.9 வோல்ட், பம்ப்ல 10.6 வோல்ட். நடுவுல மூணு வோல்ட்டுக்கு மேல எங்கயோ காணாம போகுது. தேடிப் பாத்தா பம்ப்போட எர்த் ஒயர் பாடில மாட்டற எடத்துல, வருஷக்கணக்குக்கு முன்னாடி பாட்டு செட்டு ஆம்ப் போட்டவங்க அதே போல்ட்ட கழட்டி அவங்க ஒயரையும் சேத்து பெயின்ட் மேலயே மாட்டி வெச்சிருக்காங்க, அது துரு புடிச்சு லூசா கெடக்கு. அத சுரண்டி சுத்தம் பண்ணி தனியா போல்ட் போட்டாரு. இப்ப மூணு வருஷம் ஆச்சு, பம்ப் பக்கமே போகல. ஒயர்ல சேத்து ஒரு 300 ரூபாய் வேலைக்கு நாங்க செஞ்ச செலவு 14,000.

அதனால தயவு செஞ்சு டெஸ்ட் லேம்ப் வெச்சு லைட் எரியுதுன்னு நம்பிடாதீங்க, சின்ன பல்புக்கு அரை ஆம்பியர் கூட வேணாம், பம்ப்புக்கு நாலு ஆம்பியராவது வேணும். இன்ஜின் ஓடிட்டு இருக்கும்போது, கப்ளர் மாட்டின நெலமையிலயே, பின்பக்கமா ஊசி விட்டு அளந்து பாருங்க, கழட்டி வெச்சு அளந்தா எல்லாமே 12 வோல்ட்தான் காட்டும்.

பழைய வண்டி மெக்கானிக், மதுரை

அந்தம்மா சொன்னது நூத்துக்கு நூறு சரி. மீட்டரோட ஒரு முனைய பேட்டரி நெகட்டிவ்லயும் இன்னொரு முனைய பம்ப் எர்த் பின்னுலயும் வெச்சு, இன்ஜின் ஓடும்போது பாருங்க தம்பி. 0.2, 0.3க்கு மேல காட்டுனா எர்த் சரியில்ல. அதே மாதிரி பாசிட்டிவ் பக்கமும். பழைய வண்டில ரிலே சாக்கெட்டு, ஃப்யூஸ் பெட்டி கால், கப்ளர் பின்னு இந்த மூணு எடத்துலதான் பெரும்பாலும் கரண்டு தொலையும்.

பம்ப் மெதுவா தேயத் தேய ஒரு அறிகுறி உண்டு. முழுசா நின்னு போயி ஸ்டார்ட் ஆகாத நேரத்துல ஒருத்தர் செல்ஃப் அடிக்க இன்னொருத்தர் டேங்க் அடியில ரப்பர் சுத்தியல்ல லேசா தட்டினா ஓடுச்சுன்னா கார்பன் பிரஷ் தேஞ்சு போச்சுன்னு முடிவு பண்ணிக்கலாம். நடுவழியில வீடு வந்து சேர்றதுக்குத்தான் அது ஒதவும், அதையே வைத்தியமா வெச்சுக்கக் கூடாது.

முடிஞ்சா பக்கத்துல பிரஷர் கேஜ் வெச்சுருக்குற ஒர்க்ஷாப்ல ஒரு தடவை அளந்துருங்க. இந்த மாதிரி எம்பிஎஃப்ஐ, அதாவது இன்ஜெக்டர்ல பெட்ரோல் பீச்சுற வண்டிக்கெல்லாம் 3 பார் சுத்தி, அதாவது 43 பிஎஸ்ஐ பக்கம் நிக்கணும், உங்க மாடலுக்கு சரியான அளவு சர்வீஸ் புஸ்தகத்துல இருக்கும். வண்டி நின்னுக்கிட்டு இருக்கும்போது பிரஷர் சரியா காட்டும், ஆக்சிலேட்டர் கொடுத்து லோடு ஏறும்போது விழுந்துச்சுன்னா பம்ப்புக்கு தெம்பில்ல இல்லன்னா சல்லடை அடைச்சுருக்கு. அந்தக் காலத்து கார்புரேட்டர் மாருதி 800க்கெல்லாம் இன்ஜின் பக்கத்துலயே ஒரு டயஃப்ரம் பம்ப், கேம் ஷாஃப்ட் தட்டித் தட்டி நாலஞ்சு பிஎஸ்ஐ கொடுத்தாப் போதும், பத்து நிமிஷத்துல மாத்திட்டுப் போயிருவோம். இப்ப பிரஷர் பத்து மடங்கு.

ஜிபி ரோடு வாசி

ப்ரோ, போன வருஷம் நானும் இதே வண்டிக்கு சென்னையில வீட்டு வாசல்லயே மாத்தினேன், அதனால சில விஷயம் சொல்றேன்.

சல்லடைய பத்தி யாரும் பெருசா சொல்லல. பம்ப் அடியில துணி மாதிரி ஒரு சாக் இருக்கும், ப்யூல் உள்ள போறதே அது வழியாதான். என்னோடத வெளிய எடுத்தப்போ கருப்பா களிமண்ணு அப்பின மாதிரி இருந்துச்சு. பெட்ரோல்ல முன்னாடி 10 சதவீதம் எத்தனால்தான், இப்ப 20 சதவீதம். எத்தனாலுக்கு ரெண்டு குணம், ஒண்ணு பழைய டேங்க்ல இருபது வருஷமா ஒட்டிட்டு இருந்த பிசினையெல்லாம் கரைச்சு எடுத்துட்டு வரும், அது நேரா சல்லடையிலதான் போயி உக்காரும். ரெண்டாவது அது தண்ணிய இழுக்கும், வண்டி மாசக்கணக்குல ஓடாம காலி டேங்க்கோட நின்னா உள்ள துரு. இந்த பெட்ரோலுக்குன்னு செஞ்ச ரப்பர் எதுவும் 2005 வண்டில கெடையாது, அதனால தலையில இருக்கற பேக்கிங், உள்ள இருக்கற சின்ன ஓஸ், ஓ ரிங் எல்லாத்தையும் இந்த தடவையே மாத்திடுங்க, பழசு வெளிய வந்தவுடனே ஊறி பெருசாயி திரும்ப உக்காராது.

உள்ள போடற ஓஸ் விஷயத்துல ஒரு எச்சரிக்கை. சாதாரண பெட்ரோல் ஓஸ் வெளிப்பக்கம் பெட்ரோல்ல முங்கி கெடக்கறதுக்கு செஞ்சது இல்ல, கொஞ்ச நாள்ல மெழுகு மாதிரி ஆயி வெடிச்சிடும், அப்பறம் பம்ப் நல்லா ஓடியும் பிரஷர் டேங்க்குள்ளயே ஒழுகும், நீங்க திரும்பவும் பம்ப்ப திட்டிட்டு இருப்பீங்க. டேங்க்குள்ள முங்கி இருக்கறதுக்குன்னே 30ஆர்10 னு அச்சடிச்ச ஓஸ் வரும், அத கேட்டு வாங்குங்க.

மெக்கானிக் அண்ணா மோட்டார் மட்டும் மாத்தினா போதும்னு சொல்வாருன்னு நெனைக்கறேன், எனக்கு அதுல உடன்பாடு இல்ல. இருபது வருஷ பிளாஸ்டிக், உள்ள ஒயரு, பெட்ரோல் அளவு காட்டற மிதவை எல்லாமே பழசு, கை பட்டவுடனே கிளிப் ஒடையும். காசு இருந்தா முழு அசெம்ப்ளியா போட்டுடுங்க. சென்னையில கார் சாமான் கடைங்க இருக்கற ஜிபி ரோட்டுல கம்பெனி பொட்டியில வர்றதும் கெடைக்கும், தனி மோட்டாரும் கெடைக்கும், பழைய பம்ப்ப கையில எடுத்துட்டு போயி பக்கத்துல வெச்சு பாத்து வாங்குங்க. பழைய வண்டி சாமான் விக்கற புதுப்பேட்டையில பழைய பம்ப் கம்மி வெலைக்கு கெடைக்குதுன்னு மட்டும் வாங்காதீங்க, கதவு, கண்ணாடி, லைட்டுன்னா அங்க வாங்கலாம், தேயற சாமான அங்க வாங்கக் கூடாது.

பழைய வண்டி மெக்கானிக், மதுரை

ஓஸ் விஷயம் நல்லா சொன்னீங்க தம்பி, எங்க பசங்களே அதுல தப்பு பண்ணிருக்காங்க. முழு அசெம்ப்ளி வாங்க வசதி இருந்தா வாங்கட்டும், வேணாம்னு சொல்லல. ஆனா மிதவை சரியா காட்டுது, பிளாஸ்டிக் வெடிக்கலன்னா நல்ல மோட்டாரும் புது சல்லடையும் போட்டு அஞ்சாறு வருஷம் ஓடுன வண்டி எங்கிட்ட நெறய இருக்கு. தரம் தெரியாத முழு அசெம்ப்ளிய விட நல்ல கம்பெனி மோட்டார் மேல்.

நெல்லை டிரைவர்

அண்ணாச்சி ஒண்ணு விட்டுட்டிய. சூடானா நிக்கி, ஆறுனா ஓடுதுன்னா, இன்ஜின் சுத்துறத கம்ப்யூட்டருக்கு சொல்லுத க்ராங்க் சென்சாரும் அப்படித்தான் பண்ணும். எனக்கு கயத்தாறு தாண்டி நின்னு, பம்ப்னு நெனச்சு டேங்க் வரைக்கும் பிரிச்சுட்டேன், கடைசில சென்சார்தான். வித்தியாசம் எப்படின்னா, சென்சார் போனா சட்டுன்னு சுவிட்ச் ஆஃப் பண்ண மாதிரி நிக்கும், செல்ஃப் அடிக்கும்போது ஆர்பிஎம் முள்ளு இருக்கற வண்டின்னா அது அசையவே செய்யாது, பிளக்குல பொறியும் வராது. அந்த சிக்னல் வரலன்னா கம்ப்யூட்டரு பம்ப்பையும் ஓட்டாது பாத்துக்கிடுங்க, அதனாலதான் ஆளு ஏமாந்துருவாவ. பம்ப் போனா இவரு சொல்லுதாப்ல முக்கி முக்கி, இழுவை கொறஞ்சு கொறஞ்சுதான் நிக்கும். இவருக்கு பம்ப் மாதிரிதான் தெரியி.

ஜிபி ரோடு வாசி

மாத்தற அன்னைக்கு செய்யறத மட்டும் சொல்லிட்டு போறேன், இதுல கவனம் தவறினா திருப்பி எடுக்க முடியாது.

டேங்க்ல கால்வாசிக்கும் கீழ பெட்ரோல் இருக்கட்டும். திறந்த வெளியில, நிழல்ல, காலைல செய்யுங்க, மூடின போர்ட்டிகோவுலயோ கார் ஷெட்லயோ வேணாம், பெட்ரோல் ஆவி காத்த விட கனம், தரையோட தரையா தவழ்ந்து போயி பக்கத்துல இருக்கற வாட்டர் மோட்டார் சுவிட்ச், கேஸ் அடுப்பு, பூஜை ரூம் விளக்கு எது கெடைச்சாலும் பத்திக்கும். வீட்டுல எல்லாருக்கும் சொல்லி வெச்சிடுங்க. வெளிச்சத்துக்கு பல்பு தொங்க விடாதீங்க, பல்பு ஒடைஞ்சா போதும். ஏபிசி பவுடர் தீயணைப்பான் ஒண்ணு கை எட்டற தூரத்துல, காரோட டிக்கியில இல்ல, உங்க கைக்கு பக்கத்துல.

இன்ஜின ஓட விட்டு பம்ப் ஃப்யூஸ புடுங்குங்க, தானா நிக்கும், இன்னொரு தடவை செல்ஃப் அடிச்சா மிச்ச பிரஷரும் போயிடும். அப்பறம் பேட்டரி நெகட்டிவ கழட்டிட்டு பெட்ரோல் மூடிய திறந்து விடுங்க. சீட்ட எடுத்து தகட்ட கழட்டினா உள்ள இருபது வருஷ மண்ணு இருக்கும், அத பிரஷ்ஷால சுத்தமா துடைச்சு எடுத்தப்பறம்தான் பம்ப் தலையில கை வைக்கணும், இல்லன்னா அவ்வளவும் டேங்க்குள்ள விழும். வாக்கும் கிளீனர் அங்க போடவே போடாதீங்க, அதோட மோட்டார்ல பொறி வரும். கப்ளரையும் ஓஸையும் எடுக்கும்போது துணி சுத்தி புடிங்க, மிச்சம் இருக்கறது கண்ணுல அடிக்கும். பம்ப் எந்தப் பக்கம் பாத்து உக்காந்திருக்குன்னு மார்க்கர்ல கோடு போட்டுக்குங்க. நேரா தூக்காதீங்க, மிதவை கம்பி மாட்டிக்கும், சாய்ச்சு சாய்ச்சு எடுக்கணும், கம்பி வளைஞ்சா அப்பறம் பெட்ரோல் முள்ளு பொய் சொல்லும். வாய் திறந்திருக்கும்போது டார்ச் அடிச்சு உள்ள பாருங்க, துரு, சேறு இருந்தா அத சுத்தம் பண்ணாம புதுச போடறது வீண்.

மாத்தினப்பறம் சீட்ட ஒடனே போடாம, சாவிய நாலஞ்சு தடவை ஆன் ஆஃப் பண்ணி, ஸ்டார்ட் பண்ணி, கால் மணி நேரம் ஓட விட்டு, தலைய சுத்தி ஈரம் இருக்கான்னு விரல்ல தடவிப் பாருங்க. அப்பறம் தகடு, அதோட பேக்கிங், சீட்டு. உள்ள பெட்ரோல் வாசன வந்தா திரும்ப கழட்டுங்க, புள்ளைங்க உக்கார்ற எடம் அது.

சேலத்துக்காரன்

பத்து நாள் கழிச்சு வர்றேங்க, எல்லாருக்கும் பதில் சொல்லணும்னு எழுதறேன்.

மொதல்ல மீட்டர் வெச்சு அளந்தேன், ஈரோடு அக்கா சொன்ன மாதிரியே கப்ளர் மாட்டின நெலமையில. பேட்டரியில 14.0, பம்ப்ல 12.1. எர்த் பக்கம் 0.1தான், அது சுத்தம். பாசிட்டிவ் பக்கம்தான் தேடித் தேடி கடைசில பம்ப் தலையில இருக்கற கப்ளர்லயே இருந்துச்சு, ஒரு பின்னு கருகி பிளாஸ்டிக் உருகிப் போயிருந்துச்சு. ஒர்க்ஷாப் ஒண்ணுல கேஜ் போட்டுப் பாத்தோம், நின்ன எடத்துல கிட்டத்தட்ட 3 பார், ஏசி போட்டு ஆக்சிலேட்டர் அழுத்தி புடிச்சா ரெண்டுக்கும் கீழ வந்துச்சு. அதனால பம்ப்பும் போச்சு, கப்ளரும் போச்சு. பம்ப் மட்டும் மாத்தியிருந்தா அந்த கருகின பின்னுலயே புதுசையும் மாட்டியிருப்பாங்க.

முழு அசெம்ப்ளியே வாங்கினேன், கூடவே புது கப்ளர் ஒயரோட வாங்கி ஒட்டு போட்டேன், அது மட்டும் ஆட்டோ எலக்ட்ரீசியன் கிட்ட குடுத்து செஞ்சது. மத்ததெல்லாம் வாசல்ல வேப்பமரத்தடியில நானே பண்ணினேன், மூணு மணி நேரம் ஆச்சு, மண்ணு துடைக்கவே அரை மணி நேரம். அப்பா நாற்காலி போட்டு பக்கத்துல உக்காந்து தீயணைப்பான மடியில வெச்சுட்டே இருந்தாரு. பழைய சல்லடைய வெளிய எடுத்து காமிச்சதும் ரொம்ப நேரம் பாத்துட்டே இருந்தாரு, அப்பறம் "இனிமே அரை டேங்க்குக்கு கொறையாம போடலாம்டா"ன்னாரு. டேங்க்குள்ள அடியில கொஞ்சம் சேறு இருந்துச்சு, பெட்ரோல கை பம்ப் வெச்சு எடுத்துட்டு துணியில ஒத்தி எடுத்தேன், துரு இல்ல.

இப்ப பம்ப்ல 13.8 வோல்ட் வருது. காலைல தொட்டவுடனே புடிக்குது, அந்த ங்ங்ங் சத்தம் போயிடுச்சு. நேத்து 20 லிட்டர் போட்டுட்டு மறுபடியும் ஏற்காடு போனோம், அந்த 12வது வளைவு வந்தப்போ அம்மா என் தோள கெட்டியா புடிச்சுட்டாங்க. 20 வளைவும் ரெண்டாவது கியர்ல ஏறி மேல போயி ஏரிக்கரையில மதியம் சாப்பிட்டோம்.

மதுரை அண்ணாவுக்கு ஒரு கேள்வி மிச்சம் இருக்குங்க. பின்னு கருகின அந்த எடத்துல புது கப்ளரும் சூடாகுதான்னு எப்படி பாக்கறது, கைய வெச்சா போதுமா?

பழைய வண்டி மெக்கானிக், மதுரை

சந்தோஷம் தம்பி. அரை மணி நேரம் ஓட்டி நிறுத்திட்டு சீட்ட தூக்கி கப்ளர தொட்டுப் பாருங்க, வெதுவெதுன்னு இருந்தா பரவால்ல, சுட்டுச்சுன்னா பின்னு இறுக்கம் பத்தல. ஆறு மாசத்துக்கு ஒரு தடவை வோல்ட் அளந்து குறிச்சு வெச்சுக்கங்க, 13.8 எறங்க ஆரம்பிச்சா எங்கனயோ மறுபடி கரி புடிக்குதுன்னு தெரிஞ்சுரும். அப்பாவ கேட்டதா சொல்லுங்க.